பொத்தான் மேல் ஒரு சிவப்புப் பொட்டு

என் கீபோர்டின் இடது மூலையில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதன் மேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் அக்காவிடம் நகப்பூச்சுக் குப்பியைக் கேட்டு வாங்கி, தீக்குச்சியில் தொட்டு வைத்த பொட்டு அது. சாவு நடந்த வீட்டில் நகப்பூச்சு எதற்கடா என்று அக்கா கேட்கவில்லை. ஏனென்று அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசைக்குக் கீபோர்டை விரித்து வைத்ததும் என் விரல் முதலில் போவது அந்தப் பொட்டுக்குத்தான். அழுத்தினால் திரையில் ஓர் எண் வரும். அது பூஜ்யமாக இருந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

டிரான்ஸ்போஸ் பொத்தான் என்று அதற்குப் பெயர். பாடுகிறவரின் தொண்டை எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த உயரத்துக்குக் கீபோர்டை ஏற்றவோ இறக்கவோ செய்யும். வாசிப்பவனின் விரல்கள் பழகிய கட்டைகளிலேயே ஓடும், சத்தம் மட்டும் மேலே கீழே போகும். என்னுடையது பழைய கீபோர்டு. அணைத்து, உறையில் போட்டு, ஸ்கூட்டரில் கட்டி எடுத்துப் போனாலும் கடைசியாக வைத்த எண்ணை மறக்காத ஜாதி. அந்த ஞாபகசக்தியால்தான் நான் ஊர் பார்க்க அவமானப்பட்டேன். அந்த அவமானத்திலிருந்து என்னைத் தூக்கிவிட்டவரை என்னால் இன்றுவரை முழுசாக மன்னிக்க முடியவில்லை.

அவர் என் அக்காவின் கணவர். எனக்கு மாமா.

நாங்கள் ராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை பார்த்தார். அம்மா கோயில் பாடகர் குழுவில் முப்பது வருடத்துக்கு மேல் முன்பெஞ்சில் உட்கார்ந்து பாடியவர். நான் துறைமுகப் பணிமனையில் ஃபிட்டர். பன்னிரண்டு வயதிலிருந்து கோயிலில் வாசிக்கிறேன், நொட்டேஷன் பார்த்து வாசிப்பேன், பரீட்சை எழுதிச் சான்றிதழும் வாங்கியிருக்கிறேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அம்மா என் வாசிப்பை ஒருநாளும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. தப்பு விழுந்தால் மட்டும் முன்பெஞ்சிலிருந்து திரும்பி, கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். ஒருமுறை வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன். "கை நல்லாத்தான் ஓடுது நைனா, எங்க போவுதுன்னுதான் தெர்ல" என்றார். இந்த ஒரு வரியை நான் எத்தனை வருடம் மென்றுகொண்டிருந்தேன் என்பது என் மனைவிக்குத் தெரியும்.

மாமா திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர். கடலுக்குப் போகிறவர். குப்பத்தில் சாவு விழுந்தால் கானா பாட முதலில் அவரைத்தான் தேடுவார்கள். மீன்காரம்மாக்கள் தலையில் சுமக்கும் அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு, மோதிர விரலால் தட்டிக்கொண்டு பாடுவார். செத்தவர் யார், எப்படிச் சிரிப்பார், யாரிடம் சண்டை போட்டார் என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து பாட்டுக் கட்டுவார். அக்கா அவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டபோது அம்மா இரண்டு வருடம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதன் பிறகு அப்பா இறந்தார். மதியம், பெட்டி எடுப்பதற்குச் சற்று முன்னால், யாரும் கூப்பிடாமலே மாமா எங்கள் சந்தில் உட்கார்ந்து பாடத் தொடங்கினார். யார்டில் அப்பா ஊதும் விசில் இனி எந்த ரயிலை நிறுத்தும் என்று ஒரு பாட்டு. அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

அதற்குப் பிறகு கோயிலில் நான் வாசித்தேன். துளிப் பிசகில்லாமல் வாசித்தேன். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து காபித் தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு அம்மா சொன்னது, "மாப்ள வாயத் தொறந்தா வூடே நெறஞ்சிடுது." அப்பாவை மண்ணில் வைத்துவிட்டு வந்த அன்றைக்கு எனக்கு வந்திருக்க வேண்டிய துக்கத்தில் பாதி, இந்தப் பேச்சால் வேறு பக்கம் போய்விட்டது. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க எனக்குக் கொஞ்சகாலம் பிடித்தது.

இசையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்தே போகாது. மாமா எந்த உயரத்தில் வேண்டுமானாலும் தொடங்குவார், நினைத்த இடத்தில் நிறுத்துவார், அரைத் தட்டு தள்ளி அடுத்த வரியைப் பிடிப்பார். எனக்கு உடம்பெல்லாம் கூசும். "உங்க பாட்டு எங்க போய் முடியும்னு உங்களுக்காவது தெரியுமா மாமா?" என்று ஒருமுறை கேட்டேன். "தெரிஞ்சா அப்பறம் எதுக்கு மச்சான் பாடறது" என்றார். என் பாட்டைப் பற்றி அவருடைய கருத்தும் மறைவானதல்ல. "இஸ்திரி போட்ட சட்டை மாறி கீது மச்சான் ஒன் பாட்டு. போட்டுகினு குந்தவும் முடியல, ஓடவும் முடியல." இப்படிச் சொன்னவர் ஞாயிறு தவறாமல் அக்காவை பைக்கில் ஏற்றிக்கொண்டு பூசைக்கு வருவார். உள்ளே வரமாட்டார். பின்கதவுக்குப் பக்கத்தில், செருப்புகள் கிடக்கும் இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு பூசை முடியும்வரை நிற்பார். பெண்டாட்டியைத் திரும்ப அழைத்துப் போகக் காத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு மிகவும் பிடித்த ஒரு மாதா பாட்டு உண்டு. அதில் முதல் சரணம் முடிந்து இரண்டாம் சரணம் தொடங்குவதற்கு முன் எட்டுத் தாளத்துக்கு ஓர் இடையிசை நானே போட்டது. பணிமனையில் சாப்பாட்டு நேரத்தில், கிரீஸ் கறை படிந்த காகிதத்தில் எழுதியது. ஆறாவது தாளத்தில் சுண்டு விரலால் ஒரு சின்னச் சுழி வரும். அந்தச் சுழி அமைய எனக்கு ஒரு வாரம் ஆனது. இருபது வருடம் அதை வாசித்தேன், ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பாடகர் குழுப் பெண்களுக்கு அது தொண்டையைச் செருமிக்கொள்ளவும் புத்தகத்தில் பக்கம் திருப்பவும் கிடைத்த நேரம். அம்மாவுக்கும் அப்படித்தான்.

அம்மா படுக்கையில் விழுந்தபின் மாமா நாள்தோறும் சாயங்காலம் வர ஆரம்பித்தார். கரைக்கு வந்து, குளித்து, இரண்டு வஞ்சிரத் துண்டோடு வருவார். அம்மாவால் அதைச் சாப்பிட முடியாது, வாசனை பார்ப்பார். ஒருநாள் அம்மா அவரிடம், "நான் செத்தா பாட்டுக் கட்டுவீங்கல்ல மாப்ள, செத்தப்புறம் நான் எங்க கேக்கறது, இப்பவே பாடுங்க" என்றார். மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அன்னக்கூடையைக் கவிழ்த்தார்.

"ராயபுரத்து ராணியம்மா,
மொத பெஞ்சி ஒன் ராஜ்ஜியம்மா,
சாமியாரு லேட்டா வந்தாக்கா
கண்ணாடி மேல மொறைப்பியேம்மா."

அம்மா சிரித்து இருமி, இருமிச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் பொட்டிய எடுத்தாடா, ரெண்டு பேரும் சேந்து பண்ணுங்க" என்றார். என் வாழ்நாளில் அம்மா என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் இன்னொருவர் பாட்டுக்குப் பக்கத்தில் நிற்பதற்காக. எடுத்து வந்தேன். மாமாவின் தொண்டை எங்கே நிற்கிறது என்று தேடித் தேடிப் பொத்தானை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பிளஸ் நாலில் வந்து பொருந்தியது. அம்மாவின் கடைசி இரண்டு வாரமும் நான் கோயிலுக்கு வாசிக்கப் போகவில்லை, கீபோர்டு அந்த நாலிலேயே நின்றது. பாட்டு தினமும் வளர்ந்தது. நாலு வரிக்கு மேல் என்ன வந்தது என்று நான் காது கொடுக்கவில்லை. அம்மா அவரைப் பார்க்கும் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அம்மா எங்கள் இருவரிடமும் தெளிவாகச் சொல்லிவிட்டார். பெட்டியை மூடுவதற்கு முன்னால் மாப்பிள்ளை அந்தப் பாட்டை முழுசாகப் பாட வேண்டும். கோயிலில் நான் மாதா பாட்டு வாசிக்க வேண்டும். ஆளுக்கு ஒன்று, பங்கு பிரித்தாகிவிட்டது. எனக்கு அந்தப் பங்கீடு பிடிக்கவில்லை. வீட்டில், எல்லோரும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கடைசி நேரம் அவருக்கு. மூடிய பெட்டி எனக்கு.

அம்மாவை அடக்கம் செய்த அன்று காலையிலேயே மாமா வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தேய்த்துக் கழுவிய அன்னக்கூடை, விரலில் தட்டுவதற்கான மோதிரம். அவர் உட்கார இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் சந்தில் குழாயடிக்கு அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். "மாமா, ஃபாதர் வேணாம்னு சொல்லிட்டாரு. கோயில் சாவுல இதெல்லாம் கூடாதாம்" என்றேன். ஃபாதர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான் அவரிடம் கேட்கவே இல்லை. பெற்றவளைப் பெட்டியில் வைத்துவிட்டு, வாய் கூசாமல் சொன்ன பொய் அது. மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். "செரி மச்சான்" என்று சொல்லிவிட்டு மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் உள்ளே போய்விட்டேன். சிறிது நேரத்தில் ஃபாதர் வந்து செபம் சொன்னார், பெட்டியை மூடினார்கள். அக்கா என்னை முறைத்தாள்.

கோயிலில் கூட்டம் வாசல்வரை நின்றது. அதுவரை வந்த பாட்டுகளைக் குழு கீபோர்டு இல்லாமலே பாடியது. காணிக்கை முடிந்து மாதா பாட்டுக்கு நேரம் வந்தது, அன்று நான் கட்டையில் கை வைத்தது அப்போதுதான். முன்னிசையின் முதல் சுரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. பொத்தான் பிளஸ் நாலில் நிற்கிறது. பாட்டு மாமாவின் தொண்டையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு, எண்ணை மாற்றி, மறுபடி தொடங்கியிருக்கலாம். எந்தப் புத்தியுள்ளவனும் அதைத்தான் செய்வான். ஆனால் பின்கதவுக்குப் பக்கத்தில் மாமா நிற்பது எனக்குத் தெரிந்தது. அவர் முன்னால் தப்பு செய்ததாகக் காட்டிக்கொள்ள மானம் விடவில்லை. எப்படியாவது பாடிவிடுவார்கள் என்று மேலே போனேன்.

பல்லவியின் கடைசி வரி உயரப் போகும் இடம். பெண்களின் குரல் கிறீச்சிட்டது. ஒருத்தி நிறுத்தினாள், அவளைப் பார்த்து அடுத்தவள் நிறுத்தினாள், ஆண்கள் தொண்டை உடைந்து நின்றுபோனார்கள். நானும் கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கோயில் முழுக்க மின்விசிறிச் சத்தம். அம்மாவின் பெட்டி எனக்கு நேர் எதிரே இருந்தது. முன்பெஞ்சிலிருந்து கண்ணாடிக்கு மேலாக அந்தப் பார்வை வராதா என்றிருந்தது.

அப்போது பின்னாலிருந்து, நாங்கள் விட்ட அதே வரியை, அதே உயரத்தில், மாமா எடுத்தார். அவருக்கு அது சொந்த வீடு மாதிரியான உயரம். ஒரு வார்த்தை பிசகவில்லை. பல்லவியை முடித்து முதல் சரணத்துக்குப் போனார், அதையும் முடித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என் கை மடியிலேயே கிடந்தது. சரணம் முடிந்த இடத்தில் அவர் நிறுத்தவில்லை. 'ன ன னா' என்று என் இடையிசையைப் பாடினார். எட்டுத் தாளமும் பாடினார். எங்கே தாளம் இருக்கிறது என்றே கவலைப்படாத மனுஷர், ஒரு தட்டுகூடத் தள்ளாமல் பாடினார். ஆறாவது தாளத்தில் அந்தச் சுழியும் வந்தது. அதற்குப் பிறகுதான் என்னால் கையைத் தூக்கிக் கட்டையில் வைக்க முடிந்தது. இரண்டாம் சரணத்துக்கு அவர் பாட, அடியில் நான் வாசித்தேன். அவர் ஓரிடத்தில் அரைத் தட்டு இழுத்தார், நான் காத்திருந்து சேர்ந்துகொண்டேன்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம் ஜனங்களுக்கு ஒரே பேச்சு. பாடகர் குழுவின் மூத்த அம்மா ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் மாமாக்கு இன்னா கொரலுடா. நடுவால ஒண்ணு இழுத்தாரு பாரு, ன ன னான்னு, எனுக்குப் புல்லரிச்சிடுச்சி" என்றாள். இருபது வருடம் அதே இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தவள் அவள். அது நான் போட்டதுங்க என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அன்று இரண்டு விதமாக எரிந்தது எனக்கு. என் தாயின் சாவில் என் மானத்தைக் காப்பாற்றியவர் மேல் நன்றியும் இருந்தது, அவரைப் பார்க்கவே பிடிக்கவுமில்லை.

ஏழு வருடம் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டிருந்தேன். சென்ற வருடம் மாமாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் குரல் போய்விட்டது. பேசினால் காற்றும் கரகரப்பும்தான் வருகிறது. அக்கா போனில் சொன்னபோது எனக்குள் ஒரு நூலளவு நிம்மதி ஓடியது. அந்த நிம்மதியைக் கண்டு நானே பயந்துபோனேன். இனிமேலும் தாங்காது என்று ஒரு சனிக்கிழமை திருவொற்றியூருக்குப் போனேன். என்னவோ தோன்றி, கீபோர்டையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டேன்.

அக்கா டீ போட உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். "மாமா, அம்மா சாவுல ஃபாதர் ஒண்ணும் வேணாம்னு சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

"தெரியும்" என்றார்.

எப்படி என்று கேட்டேன். அவர் பேசப் பேச நடுவில் மூச்சு வாங்கியது. "நீ சொல்லிட்டு உள்ள போனியா, பின்னாலயே ஃபாதர் வந்தாரு. இன்னாபா, பாட்டு முடிஞ்சிடுச்சா, நான் லேட்டா வண்ட்டனான்னு கேட்டாரு. ஒங்கம்மா அவராண்டயும் சொல்லி வச்சிகீது."

"அப்புறம் ஏன் மாமா பாடல?"

"நீ வாணான்றியே. ஒங்கம்மா சாவு."

பிறகு அவரே தொடர்ந்தார். "கோவம் வந்துச்சி மச்சான், இல்லன்னு சொல்லல. வூட்டாண்ட போய் படுத்துக்கலாம்னுதான் பாத்தேன். அப்பால, மாதா பாட்டு வாசிப்பியே, அதுல நடுவால ஒன் பிட்டு வருமே, அத்த மட்டும் கேட்டுட்டுப் போலாம்னு கோயிலாண்ட வந்தேன். ஞாயித்துக்கெழம வர்றதே அதுக்குத்தான். நீ இன்னாடான்னா பாதில கைய எடுத்துட்ட. பிட்டு வரல. அதுக்கோசரம் பாடினேன்."

என்னைக் காப்பாற்றப் பாடவில்லை. அம்மாவுக்காகக்கூட இல்லை. பல்லவியையும் சரணத்தையும் அவர் பாடிக் கடந்தது, என் எட்டுத் தாளத்துக்குப் போய்ச் சேர்வதற்கு. கீபோர்டை விரித்து, "அம்மாவுக்குக் கட்டின பாட்டச் சொல்லுங்க மாமா, நான் வாசிக்கிறேன்" என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "அத்தோட சரி, மறந்துட்டேன். ஒனக்குத் தெரியும்ல, நீதான கூட வாசிச்ச, நீ பாடு."

ராயபுரத்து ராணியம்மா என்று தொடங்கினேன். மொறைப்பியேம்மா வரை வந்தேன். அதற்கு மேல் ஒரு வரியும் தெரியவில்லை. இரண்டு வாரம் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து வாசித்தவன் நான். என் எட்டுத் தாளத்தை, அந்தச் சுழியோடு, அவர் இருபது வருடம் செருப்புகளுக்கு நடுவில் நின்று எடுத்துப் போயிருக்கிறார். அவர் பாட்டில் என்னிடம் இருப்பது நாலு வரி. மிச்சத்தை முழுசாகக் கேட்டிருக்கக்கூடிய கடைசி நாளில் நான்தான் அவர் வாயை அடைத்தேன். அம்மாவுக்கான பாட்டு இனி யாரிடமும் இல்லை.

மாமாவே என்னைத் தேற்றுகிற மாதிரி, "செரி வுடு, ஒன் பிட்ட வாசி" என்றார். கூடவே முனக ஆரம்பித்தார். அவர் குரல் எங்கே இருக்கிறது என்று பொட்டு வைத்த பொத்தானை அழுத்தித் தேடினேன். இந்த முறை கீழே போக வேண்டியிருந்தது. மைனஸ் மூன்று, மைனஸ் நாலு, மைனஸ் ஐந்தில் போய்க் கிடைத்தார். ஆறாவது தாளத்தில் சுழி அவருக்கு எட்டவில்லை. அங்கே நிறுத்திவிட்டு, வாசி என்று என் சுண்டு விரலைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் வாசித்தேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. முன்பு அவர் குரல் மேல் இருந்தது, இப்போது அவர் காது மேல் வந்திருக்கிறது. அப்படிக் கேட்க எனக்கு வரவில்லை, இனி வருமா என்றும் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. கோயிலில் கீபோர்டை விரித்துச் சிவப்புப் பொட்டை அழுத்தினேன். மைனஸ் ஐந்து என்று வந்தது. பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் பின்கதவைப் பார்த்தேன். மாமா கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அன்றைய பட்டியலில் அந்த மாதா பாட்டு இல்லை. நான் சேர்த்தேன். முதல் சரணம் முடிந்ததும் பெண்கள் வழக்கம்போல் தொண்டையைச் செருமினார்கள், பக்கம் திருப்பினார்கள். நான் கதவைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன்.